பாணரும் பெருவணிகரும்

இளைஞர் கூடிப் பேசுமிடங்களில் இக்காலத்து அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. ராக் என்று வழங்கும் மேனாட்டு முறையில் கித்தாரும் முரசும் கொண்டு பாடும் ஓர் இசைக்குழு, முதலிற் சிற்றரங்குகளில் மனத்திற்பட்டதை அஞ்சாது பாடிப் பெயரெடுக்கின்றது. பின்னர்க் குளிர்பான வணிகரோ, செல்பேசி வணிகரோ, மது வணிகரோ தரும் பெரும்பொருளைப் பெற்று, அவர்தம் விளம்பரப் பலகையின்கீழ் நின்று பாடுகின்றது. உடனே, "விலைபோய்விட்டனர்" என்பர் ஒரு சாரார். "பாடுவோன் பட்டினி கிடந்து சாகவேண்டுமோ?" என்று வினவுவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நம் கல்லூரி விடுதியிலும் உளர். உண்டி ஆறிப்போகும் வரையில் வாதிடுகின்றனர்.

இவ்வாதம் பம்பாய்க்கும் சென்னைக்கும் உரியது, நமக்கென்ன என்று ஒதுக்குதற்கில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து நம்மோடு பயிலும் மாணவர், நாளை ஒரு குழு அமைத்துத் தம் ஊர்களிற் பாடத் தொடங்குவராயின், அவர்க்கு ஒலிபெருக்கியும் மேடையும் வண்டிச்சத்தமும் தரவல்லவர் யாவர்? வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் குடியானவர் அல்லர், ஆலைகளை உடையோரே. ஆதலின் இவ்வினாவிற்கு நாம் விடை தேடியே ஆகவேண்டும்.

பொருள் பெற்றமையே குற்றம் என்பாரை முதற்கண் விலக்கிவிடுதல் நலம். கலைஞர் எக்காலத்தும் பிறர் நெல்லையே உண்டு வந்திருக்கின்றனர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு, முதலாம் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வீட்டு வரிசையோடு குறித்து, ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கும் வகுத்திருக்கின்றது. அவருடன் பாடுவோரும் குழலூதுவோரும் முழவு அடிப்போரும் தத்தம் பங்கு பெற்றனர். அந்நெல்லை உண்டமையால் அவர்தம் ஆடலும் பாடலும் இழிந்தன என்று எவரும் கூறார். இம்மலரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவோர் ஜவுளிக்கடை, அச்சகம், பாத்திரக்கடை முதலியவற்றின் விளம்பரங்களைக் காண்பர். அவை இன்றேல் இக்கட்டுரை அச்சேறுவதும் இல்லை.

ஆயினும் நம் முன்னோர் எப்பொருளையும் வாய்திறவாது வாங்கினாரல்லர். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வறுமையில் உழன்றவர் என்பது புறநானூறு கற்றோர் யாவரும் அறிந்ததே. அவர் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றபோது, அவ்வேந்தன் அவரை நேரிற் காணாது பரிசில் மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொள்ள மறுத்தார். தம் கல்வியை அளந்தறியாது அனுப்பிய பொருளைக் கொள்ளுதல் வணிகர் இயல்பாகும், அதற்குத் தாம் உடன்படார் என்பதே அவர் கருத்து. பிறிதொரு காலத்துக் குமணன் தந்த பெருஞ்செல்வத்தை அவரே மகிழ்ந்து ஏற்று, எல்லார்க்கும் வாரிக் கொடு என்று மனைவியிடம் கூறினார். ஆகவே அவர் பொருளை வெறுத்தவர் அல்லர். கொடுப்போன் தன்னை யாராக மதித்துக் கொடுக்கின்றான் என்பதையே நோக்கினார். கம்பர்க்கும் சடையப்ப வள்ளலுக்கும் வழங்கும் கர்ணபரம்பரைக் கதை ஒன்றும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. வள்ளலின் பெயரைப் பாட்டு நூற்றுக்கு ஒருமுறை வைத்திருந்தது மிகையெனக் கருதி, ஆயிரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தனராம். கதை மெய்யோ பொய்யோ, சோறிட்டவன் பெயர் நூலில் எத்துணை இடம் கொள்ளலாம் என்பது பற்றித் தமிழர் ஒரு கணக்கு வைத்திருந்தனர் என்பது அதனாற் புலனாகின்றது. இக்காலத்துப் பெருவணிகரோ நூலின் தலைப்பையே கேட்கின்றனர்.

இனி, ராக் இசை பிறந்து வளர்ந்த மேனாட்டைச் சிறிது நோக்குவோம். ஆங்கிலநாட்டு ஹூ என்னும் குழுவினர், 1967ஆம் ஆண்டில், தாம் விலைபோவதாகவே பெயரிட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். பாட்டுகளுக்கு நடுவே விளம்பரங்களைப் போலியாகப் பாடி நகைத்தனர்; உறையில் அவர்தம் பாடகர் அவரைக்குழம்பு நிறைந்த தொட்டியில் அமர்ந்திருந்தார். நகையாடலாக இருந்தது விரைவில் வழக்கமாயிற்று. 1981இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்கு ஜோவன் என்னும் வாசனைத் தைல வணிகர் பொருள் தந்தனர். 1988இல் நீல் யங் என்பார் இவ்வழக்கத்தைக் கடிந்து ஒரு பாட்டுப் பாட, அதன் படக்காட்சியை எம்.டி.வி. முதலில் ஒளிபரப்ப மறுத்து, மறுவருடம் அதற்கே ஆண்டின் சிறந்த படக்காட்சி என்னும் பரிசையும் வழங்கிற்று. எதிர்ப்பும் கடையில் வைத்து விற்கத்தக்க சரக்கே என்பதை அத்தொலைக்காட்சி வணிகர் அதற்குள் கண்டுகொண்டனர் போலும். 2014இல் யு2 குழுவின் இசைத்தொகுப்பை ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர் பல கோடிப் பேருக்கு, அவர் கேளாமலே, கணக்கிற் சேர்த்துவிட்டது. கேளாது தந்த பாட்டைப் பலர் சினந்து நீக்கினர்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் விந்தையானது. மேனாட்டில் ராக் குழுக்கள் முதலில் தோன்றின; வணிகர் பின்னர் வந்தனர். இந்தியாவிலோ தொடக்கத்திலேயே வணிகர் வந்து நின்றனர். பின்னாளில் ஐ.டி.சி. எனப் பெயர்கொண்ட புகையிலைக் கும்பினியார், தம் சிம்லா என்னும் சிகரெட்டை இளைஞரிடைப் பரப்பும் பொருட்டுச் சிம்லா பீட் என்னும் போட்டி நடத்தினர். அதில் வென்ற குழுக்களின் பாட்டுகள் 1970, 1971ஆம் ஆண்டுகளின் பெயரால் இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அக்காலத்து இந்திய இளைஞர் பாடிய ராக் இசைக்கு இன்று நமக்கு எஞ்சியிருக்கும் சான்றுகளுள் அவை தலையானவை. ஒரு சிகரெட்டு விளம்பரம் இல்லையேல் அப்பாட்டுகள் காற்றோடு போயிருக்கும் என்பதை எண்ணும்போது, வணிகரை முற்றாக வைதுவிட நமக்கு மனம் வரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. தொலைக்காட்சியில் மதுவை விளம்பரம் செய்தற்கும் தடையுண்டு. ஆகவே மது வணிகர் வேறு வாயில் தேடி இசைவிழாவிற் புகுந்தனர். புனேயில் 2010இல் தொடங்கிய என்.எச்.7 வீக்கெண்டர் என்னும் பெருவிழா, பல ஆண்டு பக்கார்டி என்னும் மதுவின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே சூடியிருந்தது. அங்கே விலைகொடுத்து வாங்கப்பெற்றது பாட்டு அன்று. சட்டம் அடைத்த கதவிற்குப் பக்கத்தில் உள்ள சாளரமே வாங்கப்பெற்றது.

தமிழ்நாட்டிற்கு வருவோம். 2018ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு முதன்முறை மேடையேறிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்தது அது. சாதியில்லாத் தமிழர் என்று அயோத்திதாச பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. கானாப் பாட்டும் பறையும் ராக் இசையும் ராப் என்னும் சொல்லிசையும் ஒரே மேடையிற் கலந்தன. சாவு வீட்டிற்கே உரியதென்று ஒதுக்கப்பட்ட பறையும் சட்டியும் கித்தாருக்கு நிகராக நிமிர்ந்து நின்றன. அக்குழுவில் அரக்கோணத்துப் புலவர் அறிவு என்பாரும் ஒருவர். 2023ஆம் ஆண்டில் கோக்கோ கோலா நிறுவனத்தார் கோக் ஸ்டூடியோ தமிழ் என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, அதே அறிவு, கதீஜா ரஹ்மானோடு அதிற் பாடினார். கருநாடக இசைவாணர் சஞ்சய் சுப்ரமணியனும் அந்நிகழ்ச்சியிற் பாடியிருக்கின்றார். "சாதியை எதிர்த்துப் பாடியவர் குளிர்பானப் பலகையின்கீழ் நிற்பதா?" என்னும் முணுமுணுப்பு எழாமல் இல்லை.

நாம் அப்பாட்டுகளைக் கேட்டோம். அவை நல்ல பாட்டுகளே. 2008 முதல் பாகிஸ்தானில் நடந்த கோக் ஸ்டூடியோ, கவ்வாலி என்னும் பழைய இசையை இளைஞர் செவிக்குக் கொண்டு சேர்த்தது போல, இதுவும் ஒரு நன்மை செய்தது என்று கூறலாம். கூலி வாங்கிப் பாடினார் என்பதற்காக ஒரு புலவரைப் பழித்தல் சிறுமை. அங்ஙனம் பழிப்போர் பலரும் தாம் மாதச்சம்பளம் வாங்கும் அலுவலகத்தில் ஒருநாளும் வாய்திறந்தறியாதவர்.

ஆனால் வேறு ஒன்றை நாம் மறத்தற்கில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானில் கோக்கோ கோலா நிரப்பும் ஆலை இருக்கின்றது. (நம் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் அவ்வூர்க்கும் பெயரளவில் உறவு, இராசேந்திரன் வென்ற கங்கைநீரின் பெயர்கொண்ட ஊரிற்றான் நீர்பற்றிய இவ்வழக்கு எழுந்தது.) தாமிரவருணியின் நீரைக் குளிர்பான ஆலைகட்குத் தருதல் தகாதென வழக்கிட, 2016 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அவ்வழக்கைத் தள்ளிற்று. அதே மார்ச்சு முதல்நாளிலிருந்து தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அக்குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. அதற்கு முன்னரே, 2015இல், உழவர் எதிர்ப்பினால் பெருந்துறையில் அந்நிறுவனத்திற்கு ஒதுக்கிய நிலத்தைச் சிப்காட் திரும்பப் பெற்றது. நீரையும் நிலத்தையும் பற்றி இத்துணைப் பூசல் நடந்த நாட்டில், நிலத்தையும் உழைப்பையும் பாடுவதிற் பெயர்பெற்ற புலவர் ஒருவர் அந்நிறுவனத்தின் அரங்கில் நிற்கின்றார். அங்கே அவர் எதையும் பாடலாம். தாமிரவருணியின் நீரைப் பற்றி மட்டும் ஒரு பாட்டு அங்கிருந்து வரும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. எவரும் அவர் வாயைப் பொத்தவேண்டியதில்லை. அப்பாட்டு நினைவிலேயே எழாது.

ஆகவே விலைபோனமைக்கு அடையாளம் பாடிய பாட்டில் இல்லை, பாடாது விட்ட பாட்டில் இருக்கின்றது என்பது நம் கருத்து. இவ்வடையாளத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாடாத பாட்டைக் கேட்போர் கேட்டல் இயலாது. அரங்கத்தில் அமர்ந்திருக்கும் நாம், ஒரு குழு மாறிவிட்டதா இல்லையா என்பதை அவர்தம் உடையாலும் ஊர்தியாலும் ஊகிக்கின்றோம். பெரும்பாலும் பிழைபட ஊகிக்கின்றோம். உண்மை அக்குழுவினர்க்கே தெரியும்.

பாடாது விடுதலால் இழப்பது எத்துணைப் பெரிது என்பதற்குப் பாடிய ஒரு பாட்டையே சான்றாகக் காட்டுவோம். கொடைக்கானலில் யூனிலீவர் நிறுவனத்திற்குரிய வெப்பமானி ஆலை ஒன்று இருந்து, பாதரசக் கழிவு பற்றிய முறையீட்டினால் 2001இல் மூடப்பட்டது. அங்கு வேலைசெய்து நோயுற்றோம் என்று முறையிட்ட தொழிலாளர் பல்லாண்டு நீதிமன்றத்தில் நின்றனர். நாடு அவரை மறந்திருந்தது. 2015 ஜூலையில் சென்னைச் சொல்லிசைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் அதனைப் பாடி இணையத்தில் வெளியிட்டார். சில நாளில் பல இலட்சம் பேர் கேட்டனர். 2016 மார்ச்சில் அந்நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பாட்டு மட்டுமே இதனைச் செய்தது என்று கூறுதல் தவறு; தொழிலாளர் பதினைந்து ஆண்டு போராடியிருந்தனர். எனினும், ஒரு சவர்க்கார வணிகர் பொருள் தந்த மேடையில் அப்பாட்டுப் பிறந்திராது என்பதில் எவர்க்கும் ஐயமிராது.

"அங்ஙனமாயின் பெருவணிகரை விட்டுச் சிறு நிறுவனங்களை நாடலாமே" என்று ஒருவர் கூறக்கூடும். அதுவும் அச்சம் தீர்க்கும் மருந்தன்று. 2021 மார்ச்சில் வெளிவந்த எஞ்சாயி எஞ்சாமி என்னும் பாட்டை அறியாத சிறுவர் நம் ஊர்களில் இல்லை. நிலமற்ற உழைப்பாளரின் கதையை, அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளை முன்வைத்துப் பாடியது அது. தனி இசைக்கலைஞரை வளர்ப்பதே நோக்கமெனக் கூறித் தொடங்கிய மாஜா என்னும் புது நிறுவனம் அதனை வெளியிட்டது. குளிர்பானப் பலகை ஏதும் அங்கில்லை. ஆயினும் 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தாமும் அறிவும் பாடகி தீயும் அப்பாட்டினின்றும் ஒரு காசும் பெறவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அவ்வழக்கைத் தீர்த்தல் நம் பணியன்று. நிலமிழந்தாரைப் பற்றிய பாட்டைப் பாடியோரே அப்பாட்டின் விளைச்சல் எங்கே என்று தேடி நின்றனர் என்பது மட்டும் நெஞ்சை வருத்துகின்றது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்து அறிவின் படம் வாராமையால் எழுந்த கிளர்ச்சியும் நினைவிருக்கும். ஆதலின் இளங்குழுவினர் பொருள் தருவோன் பெரியனோ சிறியனோ என்று பார்ப்பதினும், கையொப்பமிடும் தாளைப் படித்தல் நன்று. பாட்டின் உரிமை எவர்க்கு, எத்துணை ஆண்டிற்கு, வருமானக் கணக்கை எவர் காட்டுவர் என்னும் மூன்றையும் வாசித்தறியாது ஒப்பமிடுவோன், கடன்பத்திரத்தில் கைநாட்டு வைத்த நம் பாட்டனாரினும் அறிவிற் சிறந்தவன் ஆகான்; பாட்டனார்க்கு எழுத்துத் தெரியாது என்னும் சமாதானமாவது உண்டு.

இப்பொழுது நம் மாவட்டங்களை நோக்குவோம். ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகட்குமுன் அரியலூர் மண்மீது கடல் பரந்திருந்தது. அக்கடலடியிற் படிந்த சுண்ணாம்பே இன்று ரெட்டிப்பாளையத்திலும் கோவிந்தபுரத்திலும் கீழப்பழுவூரிலும் தளவாயிலும் சிமெண்டாகின்றது. அரசினர் ஆலையும் அரியலூரில் 1979 முதல் இயங்குகின்றது. பெரம்பலூர்ப் பக்கத்தில் எறையூர்ச் சர்க்கரை ஆலையும் நாரணமங்கலத்து டயர் ஆலையும் உள. இவ்வாலைகள் பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறிடுகின்றன. அவற்றை வைதுவிட்டு நம் வீட்டு அடுப்பை மூட்டுதல் அரிது. அதேவேளையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் இடைவிடாது ஓடும் சாலையோரத்தில் மரத்தின் இலை வெண்மையாயிருத்தலையும், கல் எடுத்தபின் எஞ்சும் பள்ளங்களின் ஆழத்தையும், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையைத் தாய் இறுகப் பற்றியிருத்தலையும் ஊரார் அறிவர். ஒரு பாட்டிற்கு இதனினும் சிறந்த பொருள் இல்லை. திருவிழாக் காலத்து வரும் இன்னிசைக் குழுக்கள் திரைப்பாட்டுகளைப் பாடிப் போய்விடுகின்றன. தம் ஊரின் வெண்தூசியை எவரேனும் பாடுவாராயின், அவர் அவ்வூரிற் பிறந்த பிள்ளைகளாகவே இருத்தல் வேண்டும். அவர்க்கு மேடை தரவல்லோர் அத்தூசியை எழுப்பும் ஆலையினரே. இசைக்குழு விலைபோதல் என்னும் வாதம் நமக்கு இவ்வளவு அண்மையில் இருக்கின்றது.

இக்கட்டிலிருந்து விலக ஒரு வழி சட்டத்திலேயே இருக்கின்றது. அதனைப் பலர் கவனிப்பதில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகரமதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனம், முன் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டுமென விதிக்கின்றது. தான் தொழில் நடத்தும் வட்டாரத்திற்கு முதன்மை தரவேண்டும் என்றும் கூறுகின்றது. செலவிடத்தக்க துறைகளுள் கலை, பண்பாட்டுக் காப்பும் மரபுக்கலை வளர்ப்பும் சொல்லப்பட்டிருக்கின்றன. இவற்றினும் முக்கியமானது 2021 ஜனவரியில் திருத்திய விதி. தன் சரக்கிற்கு விளம்பரப் பயன் தேடி ஒரு நிகழ்ச்சிக்குப் பொருள் தருதல், இப்பொதுநலக் கணக்கிற் சேராது என்று அவ்விதி தெளிவாகப் பிரித்துவிட்டது. பெருஞ்சித்திரனார் அதியமானிடம் எடுத்துக்காட்டிய வேறுபாடு இந்திய அரசிதழில் ஏறியிருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம்.

ராக் இசை மரபுக்கலை ஆகாது என்று கணக்கர் மறுப்பர்; அது நியாயமே. ஆயின் பறையும் தெருக்கூத்தும் ஒப்பாரியும் மரபுக்கலை என்பதை எவரும் மறுக்கார். அவற்றைப் பயிற்றும் பள்ளியோ, ஒத்திகைக் கூடமோ, கருவிகளைப் பொதுவில் வைக்கும் இடமோ பதிவுபெற்ற சங்கத்தின் வாயிலாக அரியலூரிலும் பெரம்பலூரிலும் அமையுமாயின், கித்தார் ஏந்திய பிள்ளையும் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து பழகலாம். மேடையில் எப்பலகையும் தொங்கவேண்டிய தேவை இராது. சுவரில் ஒரு சிறு கல்லில் ஆலையின் பெயர் பொறித்தால் போதும். கம்பர் கணக்கிற்கு அது பொருந்தும்.

அரசே புரவலராயினும் இவ்விழிப்பு வேண்டும். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த அரசு விழாவில் இளையராஜா திருவாசகத்தை இசைத்ததை நம் மாவட்டத்தார் பெருமையோடு கேட்டனர். அத்தகைய மேடையிலும் சில பாட்டுகட்கு இடமுண்டு, சிலவற்றிற்கு இல்லை.

நம் பழைய மாணவருள் மேற்சொன்ன ஆலைகளின் அலுவலகங்களிற் பொறுப்பான பதவி வகிப்போரும் இருத்தல் கூடும். இவ்வாண்டு மலர் அவர் கைக்கும் செல்லும். வரும் நிதியாண்டின் பொதுநலச் செலவுத்திட்டத்தை எழுத அமரும்போது, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், குடிநீர்த்தொட்டி ஆகியவற்றின் கீழே கலைக்கென ஒரு வரி சேர்க்குமாறும், பாட்டின் பொருளில் நிறுவனம் தலையிடாது என்று அதனடியில் எழுதிக் கையொப்பமிடுமாறும் அவரை வேண்டுகின்றோம். அவ்வாறு எழுதிய தாளின் படியொன்றை நமக்கு அனுப்புவாராயின், அடுத்த மலரில் விளம்பரக் கட்டணம் இன்றியே அச்சிடுவோம்.